பூங்காவுக்கு யார் காவல்? வன்னியின் பொலிஸ் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கிளிநொச்சி நகரின் நடுவே சந்திரன் பூங்கா என்றொரு பூங்கா இருந்தது. போர் முடிந்த பின்னர் அந்த நிலத்தில் இராணுவம் தன் வெற்றியின் நினைவுச் சின்னத்தை எழுப்பியது. கொங்கிறீற்றாலான பெரிய கனசதுரம் ஒன்று. அதன் பக்கச் சுவரை ஒரு பீரங்கிக் குண்டு துளைத்து நிற்கும். உச்சியில் ஒரு தாமரை மலர்ந்திருக்கும். பூங்கா நிலத்தை மக்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று உள்ளூர்ப் பிரதிநிதிகள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வந்தார்கள்.

வன்னியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் வீட்டுக் காணியும் பறிபோயிருக்கையில் ஒரு பூங்காவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என் பதில் இதுதான். வீட்டுக்குப் பூட்டு உண்டு. வயலுக்கு வேலி உண்டு. பூங்காவுக்கு இரண்டும் இல்லை. அது எல்லோருக்கும் பொதுவான இடம். மாலை வேளையில் ஒரு தாய் தன் மகளோடு அங்கே அச்சமின்றி உட்கார முடியுமா? ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? அவள் சொல்வதை அவர் எந்த மொழியில் எழுதுவார்? ஓர் ஊரின் காவல் எப்படிப்பட்டது என்பதை அறிய இந்த மூன்று கேள்விகளும் போதும். வன்னியின் வரலாற்றை இந்தக் கேள்விகளோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

பிரித்தானியர் இலங்கைப் பொலிஸை 1866 ஆம் ஆண்டு ஒழுங்குபடுத்தினார்கள். 1829 இல் இலண்டனில் தோன்றிய பொலிஸ், மக்களின் சம்மதத்தோடு இயங்குவது என்ற கொள்கையைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டது. குடியேற்ற நாடுகளுக்கு அவர்கள் அனுப்பியதோ அயர்லாந்தில் கிளர்ச்சிகளை அடக்கப் பழகிய ஆயுதப் பொலிஸின் சாயல். எனினும் காடும் குளமுமாகக் கிடந்த வன்னிக்கு அந்தப் பொலிஸ் நெடுங்காலம் நெருங்கி வரவில்லை. அங்கே உடையாரும் விதானையாருமே காவல். மாடு களவு போனாலும், வரப்புத் தகராறு வந்தாலும் விதானையாரின் திண்ணைக்கே வழக்குப் போகும். அந்த முறையில் சாதியும் செல்வாக்கும் இருந்தன, நீதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ஆனால் முறையிடப் போனவருக்குக் கேட்பவரின் முகம் தெரியும், மொழி தெரியும். 1963 இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். காவல் முழுவதும் பொலிஸ் நிலையத்துக்குப் போயிற்று.

1980களில் அந்தப் பொலிஸ் நிலையங்கள் முள்வேலிக்கும் மண்மூட்டைக்கும் பின்னால் ஒதுங்கின. களவைப் பற்றி முறையிடப் போனவர் கைதாகலாம் என்ற நிலை வந்தபோது, மக்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். பொலிஸ் என்ற சொல் காவல் என்ற பொருளை இழந்தது அப்போதுதான்.

1991 இல் விடுதலைப் புலிகள் தமிழீழக் காவல்துறையை அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய பா. நடேசன் முன்னர் இலங்கைப் பொலிஸில் கடமையாற்றியவர். யாழ்ப்பாணத்தை இழந்த பின்னர் அதன் மையம் வன்னிக்கு நகர்ந்தது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டையடுத்து ஏ-9 வீதி திறந்தபோது, கொழும்பிலிருந்து வந்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது நீலச் சீருடை அணிந்த இந்தக் காவலர்கள்தாம். வேக எல்லையை மீறிய வண்டிகளை மறித்துத் தண்டம் எழுதினார்கள். முறைப்பாடு தமிழில் எழுதப்பட்டது. இரவில் பெண்கள் தனியே சைக்கிளில் போகலாம் என்ற காலமாக வன்னி மக்கள் பலர் அதை இன்றும் நினைவுகூர்வதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பத்திரிகையாளன் இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்தக் காவல்துறையும் நீதிமன்றங்களும் இயக்கத்துக்கே பொறுப்புச் சொன்னவை, மக்களுக்கு அல்ல. போரின் இறுதி ஆண்டுகளில் வீட்டுக்கொருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துச் சென்றபோது, அதைப் பற்றி முறையிட எந்தக் காவல் நிலையமும் இருக்கவில்லை. தெருவில் பாதுகாப்பு இருந்தது. வீட்டுக்குள் பிள்ளையை ஒளித்து வைத்த தாய்க்கு அது கிடைக்கவில்லை.

2009 சனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. இறுதிப் போரில் தப்பியவர்கள் ஏறத்தாழ 280,000 பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியவர்கள் கண்டது சந்திக்குச் சந்தி சீருடை. ஒருபோதும் இல்லாத அளவு காவலாளர், ஆனால் காவல் இல்லை. 2011 ஓகஸ்ற் மாதம் நாடெங்கும் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி பரவியபோது இது வெளிப்பட்டது. பெண்களைத் தாக்கியவர்களைத் துரத்திச் சென்றால் அவர்கள் படை முகாம்களின் பக்கம் ஓடி மறைகிறார்கள் என்று வடக்கு மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். யாழ். நாவாந்துறையில், முறையிட்ட ஊரே நள்ளிரவில் அடிவாங்கியது.

அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தன் அறிக்கையைக் கையளித்தது. பொலிஸை ஆயுதப் படைகளுக்குரிய நிறுவனங்களிலிருந்து பிரிக்க வேண்டும், முறைப்பாட்டாளரின் வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியிலேயே எழுதப்பட வேண்டும், தமிழ் தெரிந்த அலுவலர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று அது கூறியது. சிங்களத்தில் எழுதப்பட்ட தன் வாக்குமூலத்தை வாசிக்க முடியாமலே கையெழுத்திட்டு வந்தவர்களின் கதைகளைக் கேட்காத பத்திரிகையாளர் வடக்கில் எவரும் இருக்க முடியாது.

வழி ஒன்று சட்டப் புத்தகத்தில் 1987 முதலே இருக்கிறது. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்கென ஒரு பொலிஸ் பிரிவையும் ஆணைக்குழுவையும் வகுத்தது. வடக்கு மாகாணசபைக்கு முதல் தேர்தல் 2013 செப்ரெம்பரில் நடந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அந்த ஐந்தாண்டுகளில் ஒரு பொலிஸ்காரரை நியமிக்கும் அதிகாரம்கூட அதற்குக் கிடைக்கவில்லை. 2016 ஒக்ரோபரில் யாழ். குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸாரின் சூட்டுச் சம்பவத்தில் மடிந்தார்கள். ஒருவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது. மாகாண முதலமைச்சராலும் கேள்வி கேட்கத்தான் முடிந்தது.

2021 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நினைவேந்தலுக்கெனக் கொண்டுவரப்பட்ட நினைவுக்கல் இரவோடு இரவாகக் காணாமற்போயிற்று, இருந்த நினைவுச் சின்னமும் சேதமாக்கப்பட்டது. அந்தப் பகுதியைச் சுற்றிப் படையினரும் பொலிஸாரும் நின்ற வேளை அது. கல்லுக்கே காவல் இல்லாத இடத்தில் மனிதருக்கு என்ன காவல் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

இந்த நீண்ட கதையில் சீருடையின் நிறம் பலமுறை மாறியது. மாறாதது ஒன்று. எந்தச் சீருடையும் தான் காக்கும் ஊருக்குக் கணக்குக் காட்டவில்லை. கசிப்பு, கஞ்சா, மணற்கொள்ளை என்று இன்று வன்னித் தாய்மார் அஞ்சும்போது, இன்னும் பொலிஸார் வேண்டும் என்கிறார்கள் சிலர். இராணுவம் இருந்தால் பயம் இருக்கும் என்கிறார்கள் வேறு சிலர். களைத்துப்போன மக்களின் அந்தப் பேச்சு எனக்கு விளங்குகிறது. ஆயினும் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது தீராது. தகவல் கொடுத்தவரின் பெயர் மறுநாளே கசிப்புக் காய்ச்சுபவருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் உள்ளவரை எவரும் வாய் திறக்கமாட்டார்.

கரைச்சிப் பிரதேச சபைக்கு மீண்டும் 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. பூங்காவும் தெருவிளக்கும் சபையின் பொறுப்பு. பொலிஸ் நிலையமோ கொழும்பின் பொறுப்பு. மாதம் ஒருமுறையாவது நிலையப் பொறுப்பதிகாரி சபையின் முன் வந்து, எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை நீதிமன்றம் போயிற்று என்று தமிழில் சொல்லட்டும். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. மாகாணப் பொலிஸ் அதற்கு அடுத்த படி. அதற்குத் தேவையான திருத்தம் 1987 இலேயே நிறைவேறிவிட்டது. சந்திரன் பூங்கா நிலத்தில் பிள்ளைகள் மீண்டும் விளையாட வேண்டும் என்று கேட்பவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குக் காவல் நிற்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.