தங்கச் சுரங்கமும் தடுப்பூசியும்

தங்கம் என்றதும் அதன் ஒளி நினைவுக்கு வருகிறது; அதைத் தோண்டியவனின் இருமல் எவர் நினைவுக்கும் வருவதில்லை. அந்த இருமலின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886-ல் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. சீமான்கள் குவிந்தனர், சுரங்கத்திலே இறங்கக் கூலிகள் தேவைப்பட்டனர். மொசாம்பிக்கிலிருந்தும் நயாசாலாந்திலிருந்தும் கறுப்பு உழைப்பாளிகள் வந்தனர். பகலெல்லாம் பாதாளம், இரவெல்லாம் நெரிசல் மிகுந்த கொட்டடி. நிமோனியா அவர்களை வாரிக்கொண்டு போயிற்று.

முன்வினையா? ஆண்டவன் சினமா? இரண்டுமில்லை! அந்நோய்க்குரிய கிருமியை 1881-லேயே பிரான்சில் பாஸ்டரும், அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்துவிட்டனர். நெரிசல் அந்தக் கிருமிக்குப் பாதை அமைத்தது; பேராசை அந்த நெரிசலை அமைத்தது.

சாவு பெருகவே, ஆள் பஞ்சத்துக்கு அஞ்சிய முதலாளிகள் இங்கிலாந்திலிருந்து ஆல்ம்ராத் ரைட் என்ற அறிஞரை அழைத்தனர். 1911-ல் அவர் தொடங்கிய சோதனையில் பல்லாயிரம் தொழிலாளர் தடுப்பூசி பெற்றனர். பலன் தெளிவாக இல்லை. கிருமி ஒரே வகையன்று, பல வகை என்பதை அங்கேயே ஆராய்ந்த ஸ்பென்சர் லிஸ்டர் பின்னர் காட்டினார். 1913-ல் அரசு, தென் அட்சரேகை 22 டிகிரிக்கு வடக்கேயிருந்து ஆள் சேர்ப்பதையே தடை செய்தது.

அறிவு ஓயவில்லை. 1945-ல் மக்லியாடும் அவருடைய தோழர்களும் அமெரிக்கப் படைப்பள்ளி ஒன்றில் ஏறத்தாழ 17,000 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டனர். அவர்களில் பாதிப்பேர் நால்வகைக் கிருமிகளுக்கான ஊசி பெற்றவர்கள். அவ்வகைகளால் வரும் நிமோனியா அவர்களிடையே பெரிதும் குறைந்தது. வெற்றி! ஊசி விற்பனைக்கும் வந்தது.

வாங்குவோர்தான் இல்லை! பெனிசிலின் வந்துவிட்டதே, நோய் வந்தபின் தீர்த்துக்கொள்ளலாமே என்று மருத்துவர்களே அலட்சியம் காட்டினர். சில ஆண்டுகளில் ஊசி கடையை விட்டே மறைந்தது. வேப்பிலையை நம்புவோனைக் கண்டு நாம் நகைக்கிறோம். இங்கே அறிவைப் புறக்கணித்தவர்கள் பட்டம் பெற்றவர்கள்! மடமை மந்திரம் சொல்லிக்கொண்டுதான் வரவேண்டுமென்பதில்லை. வெள்ளை அங்கி அணிந்தும் வரும்.

ராபர்ட் ஆஸ்திரியன் என்ற மருத்துவர் அந்த மயக்கத்தைக் கலைத்தார். நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் பத்தாண்டு நோயாளிகளை ஆராய்ந்து, 1964-ல் உண்மையை உரைத்தார்: பெனிசிலின் பெற்றும் மாண்டவர் பலர்; நோய் கண்ட முதல் சில நாட்களிலேயே மடிவோரை அது காக்கவில்லை. 1970-களில், மீண்டும் அதே தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரிடையே அவர் புதிய ஊசியைச் சோதித்தார். ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 1977-ல் 14 வகைகளுக்கான ஊசியும், 1983-ல் 23 வகைகளுக்கான ஊசியும் அமெரிக்காவில் உரிமம் பெற்றன.

கதை முடிந்ததா? இல்லை. 1981 முதல் முதியோருக்கு அரசே அவ்வூசியின் செலவை ஏற்ற அந்த நாட்டில்கூட, 2018-ல் 65 வயது கடந்தோரில் மூவரில் இருவரே நிமோனியா தடுப்பூசி பெற்றிருந்தனர். நீரிழிவு போன்ற நோய்களால் ஆபத்துக்குள்ளான இளவயதினரிலோ நால்வரில் ஒருவர்கூட இல்லை. ஊசி குழந்தைக்குத்தான் என்ற எண்ணம், மருத்துவரின் மறதி, செலவு, அச்சம் — இவையே இன்றைய தடைச்சுவர்கள்.

தோழர்களே! பிறர் மடமையைச் சாடும் நாம், நம் இல்லத்து முதியவருக்கு இந்த ஊசி தேவையா என்று மருத்துவரை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோமா? ஏழைக்கும் அது எட்டவேண்டுமென்று குரல் எழுப்பியிருக்கிறோமா? சுரங்கத்து உழைப்பாளி தன் உடலையே சோதனைக்குத் தந்து உலகுக்கு ஈட்டிய அறிவு அது. அவன் தோண்டிய தங்கம் பெட்டகத்திலே பூட்டிக் கிடக்கட்டும். அவன் தந்த அறிவு பூட்டிக் கிடக்கலாகாது!