ஸ்பானரில் பொறித்த எண்

சித்தூரிலோ திருப்பதியிலோ பழைய மோட்டார்ப் பட்டறை ஒன்று மூடப்பட்டால், அதன் கருவிப்பெட்டி பெரும்பாலும் எடைக்கே போகிறது. இரும்புக்கு உரிய விலை கிடைத்துவிடுகிறது. அந்தப் பெட்டி ஓர் ஆவணம் என்பது தராசில் தெரிவதில்லை.

ஒரு ஸ்பானரில் 3/8 என்று பொறித்திருக்கும். வாயை அளந்தால் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். மற்றொன்றிலும் அதே 3/8. அதன் வாயோ 9.5 மில்லிமீட்டர்தான். இரண்டிலும் பிழை இல்லை. எண் ஒன்று, அது சுட்டும் பொருள் வேறு.

முதலாவது, 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் முன்மொழிந்த மரை முறையைச் சேர்ந்தது. அதன் மரைக்கோணம் 55 பாகை. அம்முறையில் எண் போல்ட்டுத் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். நட்டின் அகலத்தை அன்று. பின்னர் வந்த பி.எஸ்.எஃப். என்னும் நுண்மரையில் போல்ட்டுத் தலை ஒரு படி சிறியது. ஆகவே விட்வொர்த் 3/8க்கும் பி.எஸ்.எஃப். 7/16க்கும் ஒரே வாய் போதும். பழைய பிரிட்டிஷ் ஸ்பானர்கள் சிலவற்றில் ஒரே முனையில் இரண்டு எண்கள் இருப்பதன் காரணம் இதுவே. அவற்றுள் ஒன்று தேய்ந்து மறைந்திருந்தால் அடையாளம் காண்பவர் எளிதில் ஏமாறுவார். அமெரிக்க வழக்கில் எண் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம், ஏ.எஃப். என்ற எழுத்துகள் அதைச் சுட்டும். மெட்ரிக் ஸ்பானரும் வாயின் அகலத்தையே, மில்லிமீட்டரில், சொல்லும். விளக்கு, மின்சுருள் போன்ற மின் உறுப்புகளில் வரும் பி.ஏ. வரிசை தலைகீழானது: எண் கூடக் கூடத் திருகு சிறுக்கும்.

இத்தனை முறைகளும் ஒரே பட்டறையில் வந்து சேர்ந்தது எப்படி? வண்டிகள் வந்த வழியே கருவிகளும் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கழிக்கப்பட்ட ராணுவ ஜீப்புகளும் லாரிகளும் அமெரிக்க அளவைக் கொண்டுவந்தன. 1948இல் நிறுவப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே ஆண்டு சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட்டின் பிரிட்டிஷ் மரைகள் பரவ வழிசெய்தது. 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் தயாரான டாட்டா-மெர்சிடிஸ் லாரிகளுக்கு ஜெர்மானிய மெட்ரிக் அளவு. அப்போது நாட்டின் அளவைச் சட்டமே மெட்ரிக்குக்கு மாறியிருக்கவில்லை. அது 1956இல்தான் வந்தது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே கிடக்கும் சித்தூருக்கு இவ்வண்டிகள் யாவும் வழிவந்தன. திருமலைக்கு 1944 ஏப்ரலில் முதல் மலைப்பாதை திறக்கப்பட்டபின் அடிவாரத்தில் பிரேக்கின் நிலை உயிர்ப் பிரச்சினையாயிற்று. 13 மில்லிமீட்டர் ஸ்பானரை அரை அங்குல நட்டில் மாட்டினால் 0.3 மில்லிமீட்டர் தளர்வு. ஒருமுறை ஓடும், பலமுறையில் நட்டின் மூலைகள் மழுங்கும், அப்புறம் அதை உளிகொண்டுதான் எடுக்க வேண்டும். மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு அது சிறு பிழையன்று.

சதுரத் துளையுள்ள குட்டைச் சாவி ஒன்று கிடைத்தால் பலர் அதைத் தண்ணீர்க் குழாயோடு தொடர்புபடுத்துவர். சில பிரிட்டிஷ் பிரேக்குகளில் சதுரத் தலைத் திருகைச் சரிசெய்ய இத்தகைய சாவியே உதவியது. மெலிந்து நீண்ட ஸ்பானர் டேப்பெட்டுக்கு உரியது. கொக்கி போன்று வளைந்தது, விளிம்பில் வெட்டுள்ள வட்டநட்டுக்கு. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி இருப்பின் அது பிரிட்டிஷ் அரசுடைமை முத்திரை. அருகில் ஆண்டும் இருந்தால் நல்வாய்ப்பு.

மிகக் கடினமானவை, எந்த விலைப்பட்டியலிலும் இல்லாதவை. எட்டாத நட்டுக்காக ஸ்பானரைத் தீயில் காய்ச்சி வளைத்தோ, வாயை அரத்தால் அகலப்படுத்தியோ மெக்கானிக் தானே ஆக்கிக்கொண்டவை அவை. அவற்றில் பொறித்த எண் இப்போது பொய். நிறுவனத்தின் பெயர் மட்டும் உண்மை. ஆகவே முதலில் எண்ணைப் படிக்காமல் வாயை அளப்பதும், பிறகு கைப்பிடியில் சுத்தியல் வடுவும் அரத்தின் கீறலும் உண்டா என்று பார்ப்பதும் சரியான வரிசை.

தமிழில் மரை என்பதைத் தெலுங்கில் மர என்பர். இரண்டு மொழியும் ஒரே மேசையில் புழங்கிய அந்தப் பட்டறைகளில் யார் எந்த நட்டுக்காக எதை வளைத்தார் என்ற குறிப்பு எழுத்தில் இல்லை. வளைந்த இரும்பில் இருக்கிறது. அதுவே இப்போது கிலோக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.