முதல் மாணவர் வாங்காத பட்டம்

எம்.எஸ்சி.யோட நிறுத்திக்கலாமா, பிஎச்.டி. வரைக்கும் போகலாமானு யாராவது கேட்டா, எனக்கு ஞாபகம் வர்றது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் 1915 எம்.எஸ்சி. வகுப்புதான். கலப்புக் கணிதத்தில் முதலிடம் சத்யேந்திரநாத் போஸ். இரண்டாமிடம் மேக்நாத் சாஹா. சாஹா ஆய்வேடு கொடுத்து டி.எஸ்சி. வாங்கினார். போஸ் அந்தப் பக்கமே போகலை.

டாக்காவில் ரீடராக இருந்தபோது, 1924ல் அவர் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டீனே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். அப்புறம் பாரிஸ், பெர்லின்னு இரண்டு வருஷம். அங்கிருந்தும் பட்டத்தோட திரும்பலை.

1926ல் டாக்காவில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இடித்தது: முனைவர் பட்டம் இல்லை! ஐன்ஸ்டீனிடமே பரிந்துரைக் கடிதம் வாங்கினார். (நமக்கெல்லாம் யார் தருவா?) பதவி கிடைத்தது. பின்னாளில் கல்கத்தாவில் பூர்ணிமா சின்ஹா இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றது இவருடைய வழிகாட்டுதலில்தான்.