திருமணி: வலியும் விசுவாசமும்

செங்கல்பட்டை அடுத்த திருமணி, துன்பத்தைப் பற்றிய கிறித்தவச் சிந்தனை புதுத் திருப்பம் கண்ட இடங்களுள் ஒன்று. 1920களில் சென்னை மாகாண அரசின் முயற்சியால் இங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய்க் காப்பகம் உருவானது. அதை நடத்தியது ஸ்காட்லாந்து மிஷன். 1955இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது.

உபத்திரவம் விசுவாசத்தைப் பக்குவப்படுத்தும் என்பது தொடக்கம் முதலே உள்ள போதனை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பவுல், துன்பத்தில் தொடங்கிப் பொறுமை வழியாக நம்பிக்கைக்குச் செல்லும் பாதையைக் காட்டுகிறார். ஆனால் வீட்டாரால் கைவிடப்பட்டு விரல் மழுங்கி நின்றவர்களுக்கு இந்தப் போதனை பெரும்பாலும் 'பொறுத்துக்கொள்' என்ற அளவிலேயே வந்து சேர்ந்தது. நோயில்லாதவர் நோயாளிக்குச் செய்யும் அந்த உபதேசத்தில் வலு இல்லை. திருமணியில் உபதேசத்துக்கு முன்பு மருந்து வந்தது. 1930களில் இங்கு பணியேற்ற ராபர்ட் காக்ரேன், நீரடிமுத்து எண்ணெய் ஊசியை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த காலத்தைக் கடந்து, 1946 வாக்கில் டாப்சோன் மருந்தைச் செலுத்திப் பார்த்தார். நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்ற நிலை பிறந்தது.

அடுத்த ஆண்டு காக்ரேனின் அழைப்பில் வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரிகளின் மகன் பால் பிராண்ட். மலையிலேயே 1914இல் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸியை 1929இல் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். காப்பகத்தைச் சுற்றி வருகையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றி, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்த மனிதரின் பிடி பிராண்டின் கையையே நோகச் செய்தது. செயலற்றது என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இத்தனை பலம்! நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1948இல் வேலூரில் அறுவை சிகிச்சை தொடங்கியது.

விரல்கள் தேய்ந்துபோவது ஏன் என்பதே அடுத்த கேள்வி. சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். தேடிப்பார்த்தபோது நோயாளிகள் சூட்டையும் ஆணியையும் உணராததுதான் காரணம் என்று தெரிந்தது. இரவில் தூங்குகிறவர்களின் விரல்களை எலி கடித்ததும் உண்டு. அதன்பின் பிராண்டின் பார்வையில் வலி சாபமாக இல்லை, கர்த்தர் உடலுக்கு வைத்த காவலாகவே இருந்தது. 1950களில் இங்கிலாந்தில் தம் குதிகாலில் உணர்ச்சி போய்விட்டதாகக் கண்டு, நோய் தம்மையும் பிடித்துவிட்டது என்று ஓர் இரவு முழுக்கக் கலங்கிக் கிடந்தார். விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தபோது சுரீரென்று வலித்தது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இந்த அனுபவத்திலிருந்து அவர் பவுலின் இன்னொரு உவமைக்கு வந்தார்: திருச்சபை ஒரே சரீரம், ஓர் உறுப்பு நொந்தால் மற்றவையும் நோகும். அப்படியானால் ஓர் உறுப்பின் வேதனை எட்டாத சபையும் தொழுநோய் கண்ட கையைப் போன்றதுதான். துன்பத்தில் வளரவேண்டியது துன்பப்படுகிறவர் மட்டுமல்லர், அருகில் இருப்பவரும்தான். கிறித்தவச் சிந்தனைக்குத் திருமணியும் வேலூரும் தந்த பங்கில் இதுவே பெரிது.

துன்பப்பட்டவரே மற்றவர்களுக்குத் துணையாக நின்றதும் உண்டு. 1954இல் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டு, 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வாயிலிருந்து வந்த பொறுமை என்ற சொல்லை நோயாளியால் மறுக்க முடிந்திருக்காது.

பிராண்ட் 1960களின் நடுவில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளியின் பாதத்தில் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். உணர்விழந்த கால்களுக்காக வேலூர் வட்டாரத்தில் உருவாக்கிய எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர் செருப்பை இன்று தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.