ஆமைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்

இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் சிறுவர்களுக்கான கோடிங் வகுப்பு நோட்டீஸ்தான். கோடிங் படிச்சால் மூளை வளரும், கணிதம் தானாக வரும் என்ற மாதிரி வாக்குறுதிகளும் சேர்ந்தே வரும். இது புதுக்கதை இல்லை. கிட்டத்தட்ட அறுபது வருடமாக இந்த வாக்குறுதி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பலமுறை சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சோதித்தபோது என்ன நடந்தது என்பதை மட்டும் நோட்டீஸ்களில் போடுவதில்லை. அதைத்தான் நாங்கள் இங்கே கதைக்கப்போகிறோம்.

கதை கணினியில் தொடங்கவில்லை, ஒரு செய்மதியில் தொடங்குகிறது. 1957 ஒக்டோபர் 4இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போனது. எங்கட பிள்ளைகள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பின்தங்கிவிட்டார்களோ என்ற பயம். அடுத்த வருடமே எட்வர்ட் பெகிள் என்ற கணிதப் பேராசிரியரின் தலைமையில், அரச நிதியோடு, பாடசாலைக் கணிதத்தைத் திருத்தி எழுத ஒரு குழு அமைந்தது. அங்கிருந்து பரவியதைத்தான் 'புதிய கணிதம்' என்றார்கள். சின்ன வகுப்பிலேயே தொடைகள் வந்தன. பத்தை அடியாகக் கொள்ளாத எண்முறைகள் வந்தன. 3ஐயும் 5ஐயும் எந்த ஒழுங்கில் கூட்டினாலும் விடை ஒன்றே என்பதற்கு ஒரு பெயரும் வந்தது.

நோக்கம் பிழையில்லை. மனப்பாடத்தை விட்டு 'ஏன்' என்று விளங்க வேண்டும் என்பதே அது. ஆனால் புத்தகம் மாறிய வேகத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி நடக்கவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போன பெற்றோருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. 1973இல் மொரிஸ் கிளைன் என்ற கணிதவியலாளர் இந்தச் சீர்திருத்தத்தைக் கடுமையாக விமர்சித்து ஒரு புத்தகமே எழுதினார். எழுபதுகளின் நடுப்பகுதியில் 'அடிப்படைக்குத் திரும்புவோம்' என்ற குரல் மேலோங்கியது.

இதே காலத்தில் இன்னொரு பக்கத்தில் வேறொரு யோசனை முளைத்தது. 1967இல், மசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரனெக் அன்ட் நியூமன் என்ற நிறுவனத்தில் லோகோ என்ற கணினி மொழி உருவானது. வோலி ஃபோர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், டானியல் பொப்ரோ ஆகியோர் இதன் பின்னால் இருந்தவர்கள். பேப்பர்ட் தென்னாபிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர். பிள்ளைகள் எப்படி அறிவைத் தாங்களே கட்டுகிறார்கள் என்று ஆராய்ந்த ஜோன் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில வருடங்கள் வேலை செய்தவர்.

1968-69இல் லெக்சிங்டன் என்ற ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்கு ஒரு வருடம் வழமையான கணிதப் பாடத்துக்குப் பதிலாக லோகோ படிப்பிக்கப்பட்டது. அப்போது திரைகூடக் கிடையாது, தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு கருவிதான். புகழ்பெற்ற ஆமை அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் அது தரையில் ஊரும், வயிற்றில் பேனை பொருத்திய ஒரு ரொபோ. பிறகு திரைக்குள் போனது.

ஆமையால் என்ன பயன்? ஒரு சமபக்க முக்கோணி கீறச் சொல்கிறோம் என்று வையுங்கள். முக்கோணியின் கோணம் 60 பாகை என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே பிள்ளை '100 முன்னே போ, 60 பாகை வலப்பக்கம் திரும்பு' என்று மூன்று தரம் கட்டளை கொடுக்கும். முக்கோணி வராது. அறுகோணியின் பாதி மாதிரி ஒன்றுதான் வரும். பிள்ளை எழும்பி, தானே ஆமையாக நடந்து பார்க்கும்போதுதான் விளங்கும்: மூலையில் திரும்ப வேண்டியது உள்ளே இருக்கிற 60 இல்லை, வெளியே இருக்கிற 120. மூன்று 120 சேர்ந்தால் 360. சதுரத்துக்கு நான்கு 90, அதுவும் 360. எந்தத் தட்டையான உருவத்தை இப்படிச் சுற்றி வந்தாலும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாவிட்டால், மொத்தத் திருப்பம் 360தான். புறக்கோணங்களின் கூட்டுத்தொகை பற்றி நாங்கள் பாடமாக்கிய அந்தத் தேற்றத்தைப் பிள்ளை காலால் கண்டுபிடிக்கிறது.

இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. முதல் தரம் வந்த பிழைக்கு யாரும் சிவப்பு மையால் புள்ளடி போடவில்லை. பிழை எங்கே என்று தேடித் திருத்துவதே வேலை. 1980இல் வெளிவந்த 'மைன்ட்ஸ்ட்ரோம்ஸ்' புத்தகத்தில் பேப்பர்ட் இதைத்தான் அழுத்திச் சொன்னார். பிரெஞ்சு மொழியைப் பிரான்சில் வளர்ந்து கற்பதுபோல, கணிதத்தைக் கற்பதற்கும் ஒரு கணித தேசம் வேண்டும் என்பது அவருடைய வாதம்.

எண்பதுகளில் மலிவான கணினிகள் பாடசாலைக்குள் வந்ததும் லோகோ பல நாடுகளுக்குப் பரவியது. எதிர்பார்ப்பும் ஊதிப் பெருத்தது. லோகோ படித்தால் எந்த விசயத்திலும் திட்டமிட்டுச் சிந்திக்கும் ஆற்றல் வரும் என்று பலர் நம்பினார்கள். நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் ஆகியோர் அதைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் லோகோ படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும், வகுப்பறை வேலைகளை எந்த ஒழுங்கில் செய்தால் சுருக்கமாக முடியும் என்று திட்டமிடும் ஒரு பணியைக் கொடுத்தார்கள். 1984இல் வந்த முடிவு: இரண்டு குழுவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

பேப்பர்ட் 1987இல் பதில் எழுதினார். மரத்தால் கட்டிய ஒரு வீடு விழுந்தால் மரம் உதவாது என்று சொல்வீர்களா என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். கருவியை மட்டும் பார்க்காதீர்கள், அதைச் சுற்றியுள்ள வகுப்பறைப் பண்பாட்டைப் பாருங்கள் என்றார். நியாயமான பதில்தான். ஆனால் கருவிதான் எல்லாவற்றையும் மாற்றும் என்ற நம்பிக்கையை வளர்த்ததில் அவருடைய புத்தகத்துக்கும் பங்கு இருந்தது என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது.

அத்தோடு கதை முடியவில்லை. டக்ளஸ் கிளெமென்ட்ஸ், மைக்கல் பற்றிஸ்டா ஆகியோர் வேறு விதமாக இறங்கினார்கள். பொதுவான மூளை வளர்ச்சியை விட்டுவிட்டு, கேத்திரகணிதம் என்ற ஒரு பகுதியை எடுத்து, லோகோவை அதன் பாடத்தோடு சேர்த்துத் தைத்து, ஆசிரியர்களையும் தயார்படுத்தினார்கள். 1600க்கு மேற்பட்ட பிள்ளைகள் பங்குகொண்ட அந்த வேலையின் முழு அறிக்கை 2001இல் வந்தது. லோகோவோடு படித்த பிள்ளைகள் கேத்திரகணிதத்தில் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

லோகோவின் பேரப்பிள்ளைதான் 2007இல் எம்.ஐ.ரி.யில் பிறந்த ஸ்க்ராட்ச். இங்கிலாந்தில் 2014இலிருந்து ஆரம்பப் பாடசாலையிலேயே கணினியியல் கட்டாயமானது. அங்கே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஸ்க்ராட்சையும் கணிதத்தையும் இணைத்து இரண்டு வருடப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் அது சோதிக்கப்பட்டது. 2018இல் முடிவு வந்தது. முதல் வருட முடிவில் பிள்ளைகளின் கணினிச் சிந்தனை முன்னேறியிருந்தது. இரண்டாம் வருட முடிவில் வந்த தேசியக் கணிதப் பரீட்சைப் புள்ளியிலோ மாற்றமில்லை. அந்த இரண்டாம் வருடத்தில் பரீட்சைக்கான ஆயத்தம் வகுப்பறைகளைப் பிடித்துக்கொண்டதால், பல இடங்களில் பாடத்திட்டம் முழுதாக நடக்கவேயில்லை. தரம் 5 புலமைப்பரிசில் வருடம் எப்படிப் போகும் என்று தெரிந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கணிதம் பின்னால் தானாக வரும் என்று விட்ட இடத்தில் அது வரவில்லை. குறிப்பிட்ட கணிதப் பகுதியோடு திட்டமிட்டு இணைத்து, ஆசிரியரைத் தயார்படுத்தி, நேரமும் கொடுத்த இடத்தில் வந்தது.

எங்கள் பாடசாலைகளிலும் கீழ் வகுப்புகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஸ்க்ராட்ச் இருக்கிறது. ஆனால் கணிதம் ஒரு பாடவேளை, கணினி இன்னொரு பாடவேளை. பூனையை நகர்த்தும்போது பிள்ளை தொடுகிற மாறியும் ஆள்கூறும், பக்கத்து வகுப்பறைக் கரும்பலகையில் இருக்கிற அதே மாறியும் ஆள்கூறும்தான் என்று யார் சொல்லிக் கொடுப்பது? இரண்டு ஆசிரியர்களும் ஒன்றாக இருந்து பாடம் தயாரிக்க நேரம் எங்கே? கலைத்திட்டச் சீர்திருத்தம் பற்றிப் பேச்செழும் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான். கணினிகளின் எண்ணிக்கை பற்றிய கேள்வி இதற்குப் பிறகுதான்.

நாளைக்கு உங்கட தம்பி தங்கச்சிக்கு கோடிங் வகுப்புக்குக் காசு கட்டமுதல், எந்தக் கணிதத்தை எந்தப் பயிற்சியால் படிப்பிக்கப்போகிறீர்கள் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தாராளமாக அனுப்பலாம்.