துன்புறாத கடவுளின் துன்பம்: கிறித்தவ இறைச்சிந்தனையில் ஒரு கேள்வியின் வரலாறு

பழைய ஏற்பாட்டில் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் சவுல் அரசனின் வீழ்ச்சியைச் சொல்கிறது. அவனை அரசனாக்கியதற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என்று 11ஆம் வசனத்திலும் 35ஆம் வசனத்திலும் வருகிறது. இவற்றுக்கு நடுவே 29ஆம் வசனத்தில், மனம் வருந்துவதற்கு அவர் மனிதர் அல்லர் என்று சாமுவேல் உறுதியாகக் கூறுகிறார். இதை ஏட்டைத் தொகுத்தவர்களின் கைப்பிழை என்று தள்ளிவிட முடியாது. ஓசேயா 11ஆம் அதிகாரத்திலும் இதே இழுபறி இருக்கிறது. இஸ்ரயேலைக் கைவிட முடியாமல் கடவுளின் உள்ளம் கலங்குகிறது. உடனே, தாம் மனிதர் அல்லர், கடவுள் என்று அவரே கூறுகிறார். அவர் அழிக்காமல் விடுவதற்கு அதுவே காரணமாகவும் சொல்லப்படுகிறது. மலாக்கி 3:6இலும் கடவுள் மாறாதவராக இருப்பதால்தான் யாக்கோபின் மக்கள் அழியாமல் இருக்கிறார்கள்.

கடவுள் துன்புறுவாரா என்ற கேள்விக்குக் கிறித்தவம் தேடிய விடைகளுக்கு இத்தகைய பகுதிகள் முக்கிய ஊற்று. இந்தத் தேடலைப் பற்றி இறையியல் கல்லூரிகளிலும் மறையுரைகளிலும் அடிக்கடி கேட்கும் விளக்கம் ஒன்று உண்டு. எபிரேயரின் உயிர்த்துடிப்புள்ள கடவுளைக் கிரேக்க மெய்யியல் உணர்ச்சியற்றவராக்கியது, இருபதாம் நூற்றாண்டு அவருக்கு மீண்டும் உயிர் கொடுத்தது என்பதே அது. திருச்சபையின் கோட்பாடுகள் கிரேக்க அறிவு மண்ணில் விளைந்தவை என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் அடோல்ஃப் ஃபான் ஹார்னாக் முன்வைத்த வரலாற்று நோக்கு இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது. மூல நூல்களை வரிசைப்படி வாசித்தால் இது நிற்பதில்லை. துன்புறாமைக் கோட்பாடு முதலில் கடவுளின் அன்பைக் காக்கவே எழுந்தது. அந்த அன்பிலிருந்து அது விலகியது பிற்காலத்தில், வேறு காரணங்களால்.

எதற்காகத் துன்புறாமை?

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமில் எழுதிய ஜஸ்டின், கிறித்தவர்களின் கடவுளைத் துன்புறாதவர் என்று அழைத்தபோது, எதிரே நிறுத்தியது காமத்தால் அலைக்கழிந்த சீயஸ் முதலிய தெய்வங்களை. பெண்களைக் கவர்ந்தும், பொறாமையால் பழிவாங்கியும், காணிக்கைக்கு வசப்பட்டும் திரிந்த தெய்வங்கள் அவை. ஜஸ்டின் மறுத்தது இந்த அலைக்கழிவைத்தான். கடவுளின் இரக்கம் நாளைக்குத் திரிந்துவிடாது என்ற உறுதியை அவர் மக்களுக்குத் தர விரும்பினார்.

அன்பும் கோபமும் கடவுளுக்கு இல்லை என்பதை ஆதித் திருச்சபை ஏற்கவும் இல்லை. சினமே அறியாத நல்ல கடவுள் ஒருவரை மார்சியோன் முன்வைத்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர் கார்த்தேஜின் தெர்த்துல்லியன். கடவுளுக்கும் உள்ளத்தின் அசைவுகள் உண்டு, ஆனால் அவை கடவுளுக்குத் தக்க முறையில் உள்ளன என்பது அவர் வாதம். இதே தெர்த்துல்லியன் பிராக்செயாவுக்கு எதிராக எழுதியபோது எதிர்த்திசைக்குப் போனார். தந்தையும் மகனும் ஒருவரே என்று பிராக்செயா கற்பித்தார். அப்படியானால் சிலுவையில் இறந்தது தந்தை என்றாகிவிடும். மகனோடு தந்தை சேர்ந்து துன்புற்றார் என்ற மென்மையான வடிவத்தைக்கூடத் தெர்த்துல்லியன் ஏற்கவில்லை. இங்கு அவர் தேவைக்கு மேல் கதவைச் சாத்திவிட்டார் என்பது என் கணிப்பு.

அந்தக் கதவைச் சற்றே திறந்தவர் ஓரிகன். செசரியாவில் எசேக்கியேல் நூலைப் பற்றி ஆற்றிய மறையுரை ஒன்றில், தந்தையும் துன்புறாதவர் அல்லர், அன்பின் துன்பம் ஒன்றை அவர் அனுபவிக்கிறார் என்று ஓரிகன் கூறினார். ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இது நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற இடங்களில் ஓரிகன் துன்புறாமையையே வலியுறுத்தியதால் அறிஞர்கள் இந்தப் பகுதியைப் பற்றி இன்னும் வாதிடுகிறார்கள். அவருடைய மாணவர் அற்புதர் கிரகோரியின் பெயரில் சிரியாக் மொழியில் வழங்கும் ஒரு சிறு நூல் இன்னும் கூர்மையானது. துன்புறாதவர் என்பதால் துன்பத்தை அணுகக் கடவுளால் முடியாது என்றால் அதுவே ஒரு சிறையாகிவிடும் என்பது அதன் வாதம். கடவுள் தம் விருப்பப்படி துன்பத்துக்குள் இறங்கினார். அதற்குள் போயும் அதற்கு அடிமையாகாததே அவருடைய துன்புறாமை.

சிலுவையில் தொங்கியவர் யார்?

நான்காம் நூற்றாண்டில் கேள்வியின் வடிவம் மாறியது. கடவுளுக்கு உணர்ச்சி உண்டா என்பது பின்னுக்குப் போய், பசித்து, அழுது, இறந்த இந்த இயேசு யார் என்பது முன்னுக்கு வந்தது. அரியு என்பவரைப் பின்பற்றியோரின் வாதம் எளிமையானது: நற்செய்திகளில் மகன் அழுகிறார், களைப்படைகிறார், கலங்குகிறார், உண்மையான கடவுளுக்கு இவை நேரா, ஆகவே மகன் படைக்கப்பட்டவரே. துன்புறாமையை மட்டும் தனியே பிடித்துக்கொண்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அரியுவைவிடத் தெளிவான சான்று இல்லை. 325இல் கூடிய நிசேயா சங்கம் மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டு அந்தப் பாதையை மூடியது. உடல் வார்த்தையானவராகிய மகனுக்கே உரியது, ஆகவே அதன் துன்பங்களும் அவருக்கே உரியவை என்று அத்தனாசியு பின்னர் விளக்கினார்.

நூறு ஆண்டுகளில் சிக்கல் மீண்டும் வந்தது. 428இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான நெஸ்தோரியு, மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பதை ஏற்கத் தயங்கினார். இரண்டு மூன்று மாதக் குழந்தையைக் கடவுள் என்று சொல்லத் தம்மால் ஆகாது என்று அவர் கூறியதாக 431இல் எபேசு சங்கத்தில் சாட்சி சொல்லப்பட்டது. அவருடைய அச்சம் நேர்மையானது. கடவுளின் மேன்மைக்குக் குறை வரக்கூடாது என்பதே அவர் கவலை. அலெக்சாந்திரியாவின் சிரில் அந்த மேன்மையை வேறிடத்தில் கண்டார். 430இல் நெஸ்தோரியுவுக்கு அனுப்பிய 12 கண்டனங்களில் கடைசியானது, கடவுளின் வார்த்தையே உடலில் துன்புற்றார், உடலில் சிலுவையில் அறையப்பட்டார், உடலில் சாவைச் சுவைத்தார் என்று ஏற்காதவரைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. இறையியல்பு துன்புறவில்லை. ஆனால் துன்புற்றவர் கடவுள்தான், அவரோடு ஒட்டியிருந்த வேறொரு மனிதர் அல்லர். இந்த இரண்டையும் ஒருசேரப் பிடிக்கச் சிரில் தேடிய சொற்கள் முரண்போல ஒலித்தன. அந்த முரணை அவர் மறைக்க முயலாததை நான் மதிக்கிறேன்.

451இன் கால்சிதோன் சங்கம் கிறிஸ்து ஒருவரே, அவரில் இறையியல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என்று வகுத்தது. துன்பம் யாருக்குரியது என்ற கேள்வி மட்டும் கிழக்கில் ஓயவில்லை. அடுத்த நூறாண்டில் இந்தக் கோட்பாட்டை வடித்துத் தந்ததில் வழிபாட்டு மன்றங்களுக்கும் தெருக்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

'தூய கடவுள், தூய வல்லவர், தூய அழியாதவர்' என மும்முறை கடவுளைப் போற்றும் பழைய வழிபாட்டு மன்றாட்டு ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தையாக இருந்த பேதுரு, வண்ணார் தொழிலைக் குறிக்கும் பட்டப்பெயரால் அறியப்பட்டவர், அதோடு 'எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே' என்பதைச் சேர்த்தார். அந்தியோக்கியாவில் அந்த மன்றாட்டை மகனை நோக்கியதாகவே மக்கள் பாடிவந்ததால் அங்கு இது இயல்பாகப் பொருந்தியது. கான்ஸ்டான்டிநோபிளிலோ அது மூவொரு கடவுளை நோக்கியது. அங்கே இதே சேர்க்கை, மூவரும் சிலுவையில் அறையப்பட்டதாக ஒலித்தது. 512இல் பேரரசர் அனஸ்தாசியு இதைத் தலைநகரில் புகுத்தியபோது கலவரம் வெடித்தது. முதிய பேரரசர் முடியில்லாமல் ஓட்டப்பந்தய அரங்கில் மக்கள்முன் வந்து, பதவி விலகவும் ஆயத்தம் என்று அறிவித்த பிறகே நகரம் அடங்கியது. கடவுளின் இயல்பைப் பற்றிய ஒரு வரிக்காக ஒரு நகரமே தெருவில் இறங்கியது வெறும் மதவெறி என்று எனக்குத் தோன்றவில்லை. தங்களுக்காக இறந்தது யார் என்பது அந்த மக்களுக்கு உயிர்க் கேள்வி.

519இல் கருங்கடலோரச் சிறு ஸ்கித்தியாவிலிருந்து, இன்றைய ருமேனியா–பல்கேரியா கரையிலிருந்து, துறவியர் குழு ஒன்று தலைநகருக்கு வந்தது. அவர்கள் கொண்டுவந்த வாய்பாடு சேர்க்கையின் குழப்பத்தைத் தீர்த்தது: திரித்துவத்தில் ஒருவர் உடலில் துன்புற்றார். தந்தை துன்புற்றார் என்ற பழைய பிழை இதில் இல்லை. ஒரு மனிதர் மட்டுமே துன்புற்றார் என்ற நெஸ்தோரியப் பிழையும் இல்லை. ரோமில் திருத்தந்தை ஹோர்மிஸ்டாஸ் இவர்களைத் தொல்லையாகவே கருதினார். முதலில் இவர்களை வெறுத்த யுஸ்தீனியன் பின்னர் மனம் மாறி, பேரரசரான பிறகு இந்த வாய்பாட்டைச் சட்டத்திலேயே சேர்த்தார். 534இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் அதை ஏற்றார். 553இன் இரண்டாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், உடலில் சிலுவையில் அறையப்பட்டவர் உண்மைக் கடவுளும் திரித்துவத்தில் ஒருவருமே என்று தன் பத்தாம் தீர்மானத்தில் பொறித்தது. கால்சிதோனை ஏற்காத சிரியாக் மரபினரோ அந்தியோக்கியாவின் பழைய சேர்க்கையைக் கைவிடவே இல்லை. கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபிய சபைகளின் அன்றாட வேண்டுதலில் அது இன்றும் ஒலிக்கிறது.

பிரிந்துபோன இரு பாதைகள்

கிழக்கில் ஒன்றாகப் பிணைந்திருந்த துன்புறாமையும் சிலுவையும் இலத்தீன் மேற்கில் மெல்ல அகன்றன. 1077–78இல் நார்மண்டியின் பெக் மடத்தில் அன்செல்ம், கடவுள் எப்படி ஒரே நேரத்தில் இரக்கமுள்ளவராகவும் துன்புறாதவராகவும் இருக்க முடியும் என்று கேட்டார். நம் அனுபவத்தில் அவர் இரக்கமுள்ளவர், தம் அனுபவத்தில் அல்லர் என்பது அவர் கண்ட விடை. அந்த இடத்தில் சிலுவை பேச்சிலேயே இல்லை. தோமா அக்குவினா தம் பெருந்தொகையின் முதல் பகுதியில் இரக்கம் கடவுளிடம் செயலாக உண்டு, உணர்ச்சியாக இல்லை என்கிறார். மூன்றாம் பகுதியில் சிரிலின் கண்டனத்தைக் கையாண்டு, பாடுகளை இறைமகனுக்கே உரியதாக்குகிறார். இரண்டும் சரி. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான பக்கங்கள். முதல் பகுதியை மட்டும் படித்து நகர்ந்த தலைமுறைகள் சிலுவைக்கு முன்பே முழுமைபெற்றுவிட்ட ஒரு கடவுளைக் கற்றுக்கொண்டன.

லூத்தர் 1518இல் ஹைடல்பர்க்கில் சிலுவையின் இறையியலை முன்வைத்து இதை உலுக்கினார். ஆனாலும் சீர்திருத்த சபைகளின் அறிக்கைகள் பழைய பாதையிலேயே சென்றன. 1571இல் இறுதி வடிவம் பெற்ற ஆங்கிலிக்க 39 விதிகளும், 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் கடவுளை உடலும் உறுப்புகளும் உணர்ச்சிகளும் இல்லாதவர் என்றே வரையறுத்தன. திருநெல்வேலிச் சீமையில் வேரூன்றிய ஆங்கிலிக்க சபைகளுக்கும் அந்த விதிகள் வந்து சேர்ந்தன. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் அமர்ந்த மக்கள் தங்கள் கடவுளைக் கண்டதோ வேறு விதமாக.

போர்களுக்குப் பிறகு

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்களோடு இருந்த ஆங்கிலிக்கக் குரு ஸ்டட்டர்ட் கென்னடி, 1918இல் வெளியிட்ட நூலில், மேலே அசையாமல் வீற்றிருக்கும் கடவுளைத் தம்மால் வணங்க முடியாது என்ற கருத்தை வெளிப்படையாக வைத்தார். 1926இல் ஜே.கே. மோஸ்லி துன்புறாமைக் கோட்பாட்டின் வரலாற்றை விரிவாகத் தொகுத்தார். ஜப்பானில் லூத்தரன் இறையியலாளர் கிட்டமோரி கசோ, போரில் தோற்ற நாட்டில் 1946இல் 'கடவுளின் வலியின் இறையியல்' என்ற நூலை வெளியிட்டார். எரேமியா 31:20 அதற்கு ஆதாரம். அன்பு செய்யத்தகாதவர்களைக் கடவுள் தழுவிக்கொள்ளும்போது தம் சினத்தைத் தாமே தாங்குவதால் எழுவது அந்த வலி என்றார் அவர். நாத்சிகளின் டேகல் சிறையிலிருந்து 1944 ஜூலை 16 அன்று போன்ஹோஃபர் எழுதிய கடிதம், துன்புறும் கடவுளாலேயே உதவ முடியும் என்ற கருத்தை வைத்தது. அடுத்த ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

யூர்கன் மோல்ட்மன் இவர்களின் தொடர்ச்சி. 1943 ஜூலையில் ஹாம்பர்க் குண்டுவீச்சில் எரிந்தபோது விமான எதிர்ப்புப் படையில் இருந்த 17 வயது இளைஞர் அவர். அருகில் நின்ற நண்பன் இறந்தான். பின்னர் ஸ்காட்லாந்தில் போர்க்கைதியாக இருந்தபோது குரு ஒருவர் கொடுத்த வேதாகமத்தில், கைவிடப்பட்டதாகக் கதறும் மாற்குவின் இயேசுவைக் கண்டார். 1972இல் வந்த 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' அந்தக் கதறலையே திரித்துவத்தின் மையமாக்கியது. மகன் கைவிடப்படுதலால் துன்புறுகிறார். தந்தை மகனை இழக்கும் துயரால் துன்புறுகிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதால் பிராக்செயாவின் பிழை இங்கே இல்லை. வேண்டாமல் வந்து விழும் துன்பத்துக்கும் துன்பமே தீண்டாத நிலைக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு, அது அன்பு தானே விரும்பி ஏற்கும் துன்பம் என்று மோல்ட்மன் வாதிட்டார். புதுமை என்று கொண்டாடப்பட்ட இந்தக் கருத்து, அற்புதர் கிரகோரியின் பெயரிலுள்ள சிரியாக் நூலுக்கு மிக அருகில் நிற்கிறது.

எதிர்ப்பும் வந்தது. மகனைச் சாவுக்குக் கையளிக்கும் தந்தையின் படிமம் கொடுமையைப் புனிதமாக்குகிறது என்று டோரத்தே சோலே கடிந்தார். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் வைனண்டி 2000இல் எழுதிய நூலில், துன்பத்தில் நம்மோடு சிக்கிக்கொண்ட கடவுளால் நம்மை அதிலிருந்து மீட்க முடியாது என்றார். பவுல் கவ்ரில்யூக் 2004இல் சபைத் தந்தையரின் எழுத்துகளை மறுபடி ஆராய்ந்து, ஹார்னாக் வழிவந்த விளக்கத்தின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார். சிரிலின் பக்கம் நான் சாய்வதற்கு அவருடைய ஆய்வு ஒரு காரணம். மோல்ட்மன் சிலுவையைக் கடவுளின் உள்ளுக்குள் கொண்டுவந்தது பெரும் பணி. ஆனால் துன்பம் கடவுளின் நிலையான இயல்பாகிவிட்டால், ஓசேயாவின் கடவுள் எந்தக் காரணத்தால் அழிக்காமல் விட்டாரோ அந்தக் காரணம் கரைந்துபோகும்.

இந்த விவாதம் இந்திய மண்ணில் வேறு உருவம் கொண்டது. 1981இல் பெங்களூருவில் ஆற்றிய உரையில் தொடங்கி, பின்னர் சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றியபோதும் அரவிந்த் பி. நிர்மல் தலித் இறையியலுக்கு வடிவம் கொடுத்தார். ஒடுக்கப்பட்டோரின் வலியே இறையறிவின் தொடக்கம், கோட்பாடும் செயலும் அதன் பின்னரே என்றார் அவர். துன்புறும் ஊழியராகிய கடவுளும், சிலுவையில் நொறுக்கப்பட்டுக் கைவிடப்பட்ட இயேசுவும் அவருடைய எழுத்தின் அச்சு. ஜெர்மானிய இறையியலாளர்கள் கடவுளிடம் துன்பம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, துன்பத்தில் இருப்பவர்களுக்கு எந்தக் கடவுள் தெரிகிறார் என்று நிர்மல் கேட்டார்.

அடுத்த தலைமுறை நிர்மலையும் கேள்வி கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஊழியத்துக்குத் தள்ளப்பட்ட மக்களுக்கு ஊழியராகிய கடவுளையே காட்டினால், அது தளையை உடைக்குமா, பூசிக்குமா என்ற கவலை பெனியேல் ராஜ்குமார் 2010இல் வெளியிட்ட நூல் உட்படப் பல ஆய்வுகளில் எழுகிறது. வலியைப் பகிரும் கடவுள் அவர்களுக்கு வேண்டும். அந்த வலியால் வெல்லப்படாத கடவுளும் வேண்டும். சீயஸின் அலைக்கழிவுக்கு எதிராக ஜஸ்டினும், துன்பத்துக்குள் இறங்கியும் அதற்கு அடிமையாகாதவரைக் குறித்துச் சிரியாக் நூலும் தேடியதையே இப்போது தலித் இறையியலாளர்கள், தங்கள் சேரிகளின் அனுபவத்திலிருந்து, மீண்டும் கேட்கிறார்கள்.