கிளிநொச்சி கருத்தடைச் சர்ச்சை (2013)

பூநகரிப் பிரதேசத்துக் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றின் தாய்மாருக்கு மனமொத்த சம்மதமின்றிக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் புளியங்குளம் தாண்டி வடக்கே விரியும், இக்கிராமங்களும் அடங்கிய வன்னி, 2009 மே வரை போர்க்களம். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து மீள்குடியேறிய குடும்பங்கள் வருத்தமென்றால் பெரும்பாலும் அரச ஆஸ்பத்திரியையே நம்பியிருந்தன. 2013 ஆகஸ்ட் 31 அன்று பிள்ளைகளின் நிறை பார்க்கவும் தடுப்பூசி போடவுமெனக் கிளினிக்கிற்கு அழைக்கப்பட்ட தாய்மாருக்கு ‘ஜடெல்’ பொருத்தப்பட்டது என்றும், மறுத்தால் இனி ஆஸ்பத்திரியில் சிகிச்சை கிடையாதென மிரட்டப்பட்டார்கள் என்றும் த சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ் என்ற அமைப்பின் அறிக்கை கூறியது. சுகாதாரத் தரப்பு வற்புறுத்தலை மறுத்தது.

ஜடெல் சத்திரசிகிச்சைக் கருத்தடை அல்ல. மேற்கைத் தோலின் கீழ் செருகப்படும் இரு மெல்லிய குச்சிகள் லெவோநோர்ஜெஸ்ட்ரல் ஹோர்மோனைக் கசியவிட்டு ஏறத்தாழ 5 ஆண்டுகள் கருத்தரிப்பைத் தடுக்கும். எடுத்துவிட்டால் மீண்டும் பிள்ளை பெறலாம். ஆகவே அங்கே பெண்கள் மலடாக்கப்பட்டார்கள் என்று எழுதுவது பிழை. அதனால் குற்றச்சாட்டின் கனம் குறைந்துவிடாது. குச்சியை எடுப்பிக்கவும் அதே உத்தியோகத்தரிடம்தான் போகவேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக்கும் அங்கேதான் வரிசை. போருக்குப் பின் இராணுவம் நிறைந்திருந்த ஊரில், வேண்டாம் என்று சொல்ல வழியற்ற பெண் நீட்டிய கையைச் சம்மதமென மருத்துவ அறம் கொள்வதில்லை.

மலையகத்தின் கதை இன்னும் கடுமையானது. அங்கே நடந்தது நிரந்தரக் கருத்தடை. 1980இல் அரசு இந்தச் சத்திரசிகிச்சைக்கு நாடு முழுவதும் ஊக்கப்பணம் கொடுக்கத் தொடங்கியது. நாட்கூலிக்குக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அது சின்னக் காசல்ல. தோட்டப் பெண்கள் எப்படி நெருக்கப்பட்டார்கள் என்பதை மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் ஆய்வாக எழுதினார்.

பிறநாடுகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் கட்டாயக் கருத்தடையைச் சட்டபூர்வமாக்கியது. இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலத்து 1976–77இல் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடைகள் நடந்தன; ஊருக்கு இத்தனை என்ற இலக்கு அவர்களில் பலரை மேசைக்கு இழுத்து வந்தது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாடு வற்புறுத்தலை நிராகரித்தது.

இலங்கையில் இந்த அச்சம் எதிர்த்திசையிலும் ஆயுதமானது. 2019 மே மாதம் குருணாகலில், சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற பழி சுமத்தப்பட்ட முஸ்லிம் மருத்துவர் ஒருவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதையும் காணவில்லை.